அவர் உடைத்தார், நான் சாட்சி சொன்னேன்

புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு,

அடுத்த மாதத்திலிருந்து நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் வாத்தியார். இந்த வார்ப்படத் தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறேன். போவதற்கு முன் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். இதெல்லாம் தலை நரைத்து ஓய்வு பெறுகிறவர்கள் செய்கிற காரியம். எனக்கு முப்பது தாண்டிச் சில வருஷங்கள்தான் ஆகின்றன. ஆனாலும் எழுத ஒப்புக்கொண்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

இங்கே ஓர் உருப்படி தேறாது என்று சிவப்புக் கோடு போட்டால், அந்த இடத்திலேயே, எல்லார் கண் முன்னாலும் அதைச் சம்மட்டியால் உடைத்துவிடுகிறோம். வேறு கம்பெனிகளில் இப்படி இல்லை. நீங்கள் இதைத் ‘தானியேல் சார் ரூல்’ என்று சொல்லிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். போன வாரம் ஒரு தம்பி என் எதிரிலேயே சொன்னார். எனக்கு முகம் சுட்டது. அது என் ரூல் இல்லை. அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

என் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நைனாவும் அம்மாவும் கவரைப்பேட்டைப் பக்கம் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். மிஷன் பள்ளியில் படித்து, டிப்ளமா முடித்து, கும்மிடிப்பூண்டியில் முதல் முதலாகத் தொழிற்சாலைகள் எழும்பிய சமயத்தில் இங்கே பரிசோதகனாக வந்தேன். வந்த நாளிலிருந்து சட்டைப்பையில் சின்னப் புதிய ஏற்பாடு இருக்கும். பீடி பிடிக்க மாட்டேன், கெட்ட வார்த்தை பேச மாட்டேன். உலைக்காரர்கள் எனக்கு ‘பாஸ்டரு’ என்று பேர் வைத்துவிட்டார்கள். நான் வந்தால், “டேய், பாஸ்டரு வர்றாரு, வாயக் கழுவிக்கினு வாங்கடா” என்பார்கள். எனக்கு அது உள்ளுக்குள் பிடித்திருந்தது.

அப்போது பரிசோதனைக்கு சூப்பர்வைசராக ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். பேர் எழுதவில்லை, ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அவரும் எங்கள் சபைக்காரர்தான். ஆனால் கடைசி பெஞ்சில் உட்காருவார். கடைசிப் பாட்டு முடிவதற்குள் சைக்கிளை எடுத்துவிடுவார். ஜெபக் கூட்டம், உபவாசக் கூட்டம் எதிலும் ஆளைக் காண முடியாது. சபையில் அவரைப் பற்றி, “ஆள் நல்லவர்தான், விசுவாசம்தான் கொஞ்சம் வெதுவெதுப்பு” என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வந்த புதிதில் ஒரு நாள் நான் வரிசையாகச் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டே போனேன். சந்தேகம் வந்ததை எல்லாம் ஒதுக்கினேன். அண்ணன் வந்து ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தார். நல்ல மணி மாதிரிச் சத்தம்.

“இது இன்னா குத்தம் பண்ணுச்சு?”

“சந்தேகமா இருந்துச்சுண்ணா. எதுக்கு வம்புன்னு...”

“உனுக்கு வம்பு வாணாம்னு நாலு பேரு ஒழப்ப உலைல போட்ருவியா? நல்லத கெட்டதுன்னு சொன்னாலும் பொய்தாம்பா.”

அதோடு போய்விட்டார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்டிப்பாக இருப்பதுதான் நேர்மை என்று நம்பிக்கொண்டிருந்த வயது.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

லாரிகளுக்கான பிரேக் டிரம் அப்போது நமக்குப் பெரிய ஆர்டர். ஒரு சமயம் உலையில் ஏதோ கோளாறாகி ஒரு முழு வார்ப்பில் மெல்லிய விரிசல்கள் விழுந்துவிட்டன. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. தட்டினால் சத்தம் அடைத்துப்போய் வரும். நானும் அண்ணனும் தட்டிப் பார்த்து மொத்தத்துக்கும் கோடு போட்டோம். வாங்குகிற கம்பெனியின் லாரி கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. அன்று சரக்கு போகாவிட்டால் ஆர்டரை வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்று அவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள்.

மேனேஜர் இறங்கி வந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நெற்றியெல்லாம் வியர்வை. “சிவப்பை அரைச்சு எடுத்துட்டு, கறுப்பு பெயின்ட் அடிச்சு, நல்லதோட கலந்து ஏத்துங்க. மயிரிழை மாதிரி இருக்கு, அது ஓடும். இந்த ஆர்டர் போனா ஒரு ஷிஃப்டையே மூடணும். இங்க இருக்கிறவங்க எல்லாம் நேத்து வரைக்கும் கழனியில நின்னவங்க. திரும்ப அங்கேயே அனுப்பணுமா? நீங்களே சொல்லுங்க” என்றார். சாப்பாட்டு மணி முடிவதற்குள் ஏற்றியாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தம்பிகளே, அவர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் கஷ்டம். ஷிஃப்டை மூடினால் போகப்போகிறவர்களில் என் ஊர்க்காரர்கள் இருந்தார்கள். ஏற்றிவிட்டால் எங்கோ ஒரு மலைச்சரிவில் லாரி நிற்காமல் போகும். ஓட்டுகிறவன் யார் என்று நமக்குத் தெரியப்போவதும் இல்லை. அண்ணனைப் பார்த்தேன். அவர் அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மரஅச்சுகள் வைக்கும் கொட்டகைக்குப் பின்னால் போய் முழங்கால் போட்டேன். ஆண்டவரே, வழி காட்டும் என்று அழுதேன். உண்மையாகத்தான் அழுதேன். எத்தனை நேரம் இருந்தேன் என்று தெரியாது. எழுந்து வந்தபோது குவியல் இருந்த இடம் காலியாக இருந்தது. உலைக்காரர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம்; உலைக்குப் பக்கத்தில் உடைந்த துண்டுகள். அண்ணன் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு, துண்டுகளை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளங்கை கிழிந்து ரத்தம் கசிந்தது.

“எங்க போன?”

“ஜெபம் பண்ணப் போனேண்ணா.”

“ஆமென் சொல்லியாச்சா?”

“ஆச்சுண்ணா.”

“அப்ப போய் சாப்புடு. உன் கைல ஒண்ணும் ஒட்டல.”

சரக்கு போகவில்லை. மேனேஜர் கத்தினார். சிவப்புக் கோடு போட்டது உலைக்குப் போவது வழக்கம்தான் என்பதால், உலைக்காரர்கள் பழக்கத்தில் அள்ளிப் போட்டுவிட்டார்கள் என்று அவரே நினைத்துக்கொண்டார். அண்ணன் பொய் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை. பிறகு மேனேஜரே வாங்குகிற கம்பெனிக்குப் போய்க் கெஞ்சி அவகாசம் வாங்கி வந்தார். புதிதாக வார்த்து அனுப்பினோம். ஷிஃப்டும் மூடவில்லை, ஆர்டரும் போகவில்லை. விஷயம் அதோடு அடங்கியிருக்கும்.

அடங்கவிடாமல் செய்தது நான்.

கொஞ்ச நாளில் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. நம் பக்கத்துச் சபைகளில் எப்படி என்று உங்களில் சிலருக்குத் தெரியும். ஜனங்கள் விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் பூசணிக்காய், வாழைத்தார், சேவல் எல்லாம் ஏலம் போகும். ஏலத்துக்கு முன்னால் யாராவது எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். அந்த வருஷம் ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சபைக்கு முன்னால் சொல்வது. வேலைக்குப் போகிற வாலிபன் ஒருவன் சொல்லட்டும் என்று போதகர் என்னைக் கூப்பிட்டார்.

எங்கள் குடும்பத்திலிருந்து பீடத்துக்கு முன்னால் நின்று பேசிய முதல் ஆளும் நான்தான். நைனா வெள்ளை வேட்டி கட்டி இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். விரிசல், லாரி, மேனேஜர், சோதனை, கண்ணீர், ஜெபம். “ஆண்டவர் பலம் கொடுத்தார். நானும் எங்கள் சூப்பர்வைசரும் சேர்ந்து அவ்வளவையும் உடைத்து உலையில் போட்டோம்” என்றேன். சபை முழுக்க ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்றது. நைனா மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சேர்ந்து உடைத்தோம் என்ற அந்த ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நிஜம். அந்த ஒன்றும் யோசித்துச் சொன்ன பொய் இல்லை. பேச்சின் வேகத்தில் நானே போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

அண்ணன் அன்றைக்கு வழக்கம்போலச் சீக்கிரம் போகவில்லை. ஏலத்தில் ஒரு பூசணிக்காய் எடுத்தார். அதைத் தோளில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“நல்லாத்தான் பேசின.”

“எல்லாம் ஆண்டவர் கிருபைண்ணா.”

“கொஞ்சம் சத்தமா பேசிட்ட” என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார்.

எனக்கு அது விளங்கவில்லை. திங்கட்கிழமை விளங்கியது. மேனேஜரின் கார் டிரைவருக்கு மாமனார் வீடு எங்கள் ஊர். பண்டிகைக்கு வந்திருந்தவர், பாவம், பெருமையோடு மேனேஜரிடம் சொல்லியிருக்கிறார்: “சார், நம்ம கம்பெனி ஆளுங்கள சர்ச்சுல இன்னாமா பாராட்டினாங்க தெரியுமா?”

எங்கள் இருவரையும் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் கோபமாக இல்லை, களைத்துப்போயிருந்தார். என்னைப் பார்த்து, “நீயும் இவரும் சேர்ந்து உடைச்சதா சொன்னியாமே?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், “நான்தான் சார் ஒடச்சேன். இவன் இல்ல” என்றார்.

“நீ சொல்லுப்பா. இருந்தியா, இல்லியா?”

இந்த இடத்தில்தான் தம்பிகளே, எனக்கு இன்றைக்கும் தலை குனிகிறது. சபையில் யாரும் கேட்காதபோது அவர் பக்கத்தில் போய் நின்றவன், இங்கே கேட்டபோது, “நான் அங்கே இல்லை சார். ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன்” என்றேன். சுத்தமான உண்மை. நான் கூட்டாமல் குறைக்காமல் உண்மை சொன்னது, அது என்னைக் காப்பாற்றும் என்று தெரிந்த அந்த ஒரு தடவைதான். இருந்திருந்தால் நானும் உடைத்திருப்பேன் சார் என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மேனேஜர் சிரித்தேவிட்டார். பிறகு அண்ணனிடம், “இதப் பெருசாக்க எனக்கும் இஷ்டமில்ல. ஆனா ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. முதலாளி காதுக்கும் போயிருக்கு. தெரியாம கலந்து உலைக்குப் போயிடுச்சுன்னு எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாருங்க” என்றார்.

“தெரிஞ்சுதான் சார் போட்டேன்.”

“அது எனக்கும் தெரியும்யா. எழுதத்தானே சொல்றேன்?”

“அத எழுதினா, உலைல போடக்கூடாத நல்ல டிரம்முன்னு ஆயிடும் சார். அது நல்லது இல்ல.”

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். என்னைப் போகச் சொல்லிவிட்டார். சாயங்காலம் அண்ணன் தன் டிபன் காரியரையும் ஒரு பழைய சட்டையையும் எடுத்துக்கொண்டு போனார். கேட்டில் நான் நின்றிருந்தேன். சைக்கிளை உருட்டிக்கொண்டே, “நாஷ்டா துன்னியா?” என்று கேட்டார். மாலையில் காலைப் பலகாரத்தைப் பற்றி ஏன் கேட்டார் என்று தெரியவில்லை. வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை போலிருக்கிறது.

அவர் வேலையில் என்னை உட்காரவைத்தார்கள்.

உலைக்காரர்கள் என்னிடம் பேசுவதை நிறுத்தவில்லை; பேசாமல் இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். முதல் நாள் அவர்களில் ஒருவன், முனுசாமி, கேட்டான்: “பாஸ்டரு, உங்க சர்ச்சு ஏலத்துல பூசணிக்கா எவ்ளோக்குப் போச்சு?” தெரியாது என்றேன். “சூப்பர்வைசரு எவ்ளோக்குப் போனாரு? அதாவது தெரியுமா?” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

அடுத்த பண்டிகையில் நானாகவே எழுந்து நின்றேன். போன வருஷம் நான் சொன்னது முழு உண்மை இல்லை, உடைத்தது அவர் ஒருவர், என் வாயால் அவர் வேலை போனது என்று சொன்னேன். முகத்தில் காறித் துப்புவார்கள் என்று நினைத்தேன். நடந்தது வேறு. சபை அழுதது. போதகர் என்னைக் கட்டிக்கொண்டார். மூப்பர்கள் வரிசையாக வந்து கை கொடுத்தார்கள். “இந்தக் காலத்துல யாரு தம்பி இப்படி மனசாரச் சொல்றாங்க?” என்றார்கள். மறுபடியும் நான்தான் நல்லவன். அன்றைக்கு நான் பட்ட வெட்கம் மேனேஜர் அறையில் பட்டதைவிடப் பெரிது. நாணயம் என்பது இப்படிச் சபையில் எடுத்துக் காட்டுவதற்கான சாமான் இல்லை என்று எனக்கு அங்கேதான் உறைத்தது. அதற்குப் பிறகு நான் சாட்சி சொல்வதில்லை.

மேனேஜரிடம் போய் அண்ணனைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். “நீ நல்ல பையன்பா. போய் வேலையைப் பாரு” என்றார். வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்ல நினைத்துப் போனவன், சொல்லாமல் திரும்பினேன். நைனாவுக்கு அப்போது உடம்பு சரியில்லை. அது காரணமா, சாக்கா என்று இன்னும் எனக்கே தெரியாது.

இப்போது அந்த ரூலுக்கு வருகிறேன். அண்ணன் போன பிறகு முதல் தடவையாக நான் ஒரு டிரம்முக்குச் சிவப்புக் கோடு போட்டேன். போட்ட கையை எடுக்கவில்லை, முனுசாமி சம்மட்டியோடு வந்து நடுவில் ஒரு போடு போட்டான். இரண்டாகப் பிளந்தது.

“இன்னாடா பண்ற?”

“இனிமே உனுக்குப் பேஜாரே வாணாம் பாஸ்டரு. நீ கோடு போடு, நான் ஒடைக்கிறேன். நீ முட்டி போடறதுக்கு டைமே குடுக்க மாட்டேன்.”

விளையாட்டுக்குச் சொன்னான் என்று நினைத்தேன். மறுநாளும் உடைத்தான். மற்ற ஷிஃப்டுக்காரர்களும் உடைத்தார்கள். உடைந்ததை யாரும் கறுப்படித்து ஏற்ற முடியாது. ரகசியமாக உடைத்துவிட்டு யாரும் தனியாக மாட்டிக்கொள்ளவும் வேண்டாம். மேனேஜர் ஒரு தரம் நின்று பார்த்தார். தடுக்காமல் போனார். நாளடைவில் அது கம்பெனியின் வழக்கமாகிவிட்டது. புதிதாக வந்தவர்கள் யார் கொண்டுவந்தது என்று கேட்டிருப்பார்கள். அந்த நாற்காலியில் இருந்தவன் பேரைச் சொல்லியிருப்பார்கள். நான் மறுத்துச் சொல்லவில்லை. நானாகச் சொல்லாவிட்டாலும், கேட்டுக்கொண்டிருந்தேன். அதுவும் ஒருவகைச் சாட்சிதான்.

வேலையில் உங்களுக்கும் இப்படி ஒரு சாப்பாட்டு மணி வரும். ஜெபம் பண்ணுகிறவர்கள் பண்ணுங்கள்; சம்மட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் சத்தமில்லாமல் நல்லது செய்தால், அதை ஊருக்குச் சொல்ல உங்களுக்கு ஆசை வரும். அவரிடம் கேட்காமல் சொல்லாதீர்கள். அதற்கு விலை இருக்கிறது. அதைக் கொடுக்கப்போவது நீங்கள் இல்லை.

இதை எழுதுமுன் அவரிடம் கேட்கத்தான் போன ஞாயிற்றுக்கிழமை அத்திப்பட்டுக்குப் போனேன். அங்கே உப்பளத்தில் மேஸ்திரியாக இருக்கிறார். முழங்கால் வரை உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது. என்னைப் பார்த்ததும், “இன்னா தானியேலு, மறுபடியும் சாட்சியா?” என்றார்.

“இல்லண்ணா. புதுசா வந்த பசங்க கேக்கறாங்க. எழுதலாமான்னு உங்களக் கேக்க வந்தேன்.”

“எழுதிக்கோ. என் பேரு மட்டும் வாணாம்.”

“உங்க பேருக்குத்தாண்ணா எழுதறதே.”

“இங்க எனுக்கு ஒரு மொதலாளி கீறாரு. அவரு காதுக்குப் போனா, இவன் சொன்ன பேச்சு கேக்காத ஆளுன்னு நெனைப்பாரு. இன்னொரு தபா வேல தேட முடியாதுப்பா என்னால.” சொல்லிவிட்டுச் சிரித்தார். “உன் பேரப் போட்டுக்கோ. தப்பு உன்னுதுதான?”

அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். இத்தனை வருஷத்தில் அந்த அக்கா என்னோடு நாலு வார்த்தை பேசியதில்லை.

“தம்பி, அவுருக்கு உங்க மேல கோவம் இல்ல. எனுக்கு கீது” என்றார். “ரெண்டாந்தபா நீங்க சர்ச்சுல அழுதுக்கினே சொன்னப்ப நானும் இருந்தேன். எல்லாத்தையும் சொன்னீங்க. வேல போச்சுன்றத ஒத்த வார்த்தைல சொல்லிட்டு, உங்க மனசு எப்டி எரிஞ்சுதுன்னு அவ்ளோ நேரம் சொன்னீங்க.”

“விடு” என்றார் அண்ணன்.

“நீ சும்மா இரு. தம்பி, பேரு வாணாம்னா போவட்டும். எங்க ஊட்ல இன்னா ஆச்சுன்னு எழுதுங்க. அத்த உட்றாதீங்க.”

எழுதுகிறேன். வேலை போனது. அண்ணனுக்கு உப்பளத்தில் வேலை கிடைக்கும்வரை அக்கா, கழனி வேலையை விட்டு வந்தவர், திரும்பக் கழனிக்குப் போனார். பெரிய மகள் வகுப்பில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவள், எட்டாவதோடு நின்றுவிட்டாள். கம்பெனி அண்ணனைத் திரும்பக் கூப்பிடவே இல்லை. அவர் வேலையை இத்தனை வருஷமும் நான் பார்த்தேன்.